அயன் கொண்டோர்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு டவுன், ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இந்தப் பக்கம் முழுக்க ஒப்ஷன் பேசுகிறவர்கள் கூடிவிட்டார்கள். தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு நிஃப்டி பற்றிக் கேட்பவர்கள் பாதி, ராத்திரியில் அமெரிக்கச் சந்தை பார்ப்பவர்கள் மீதி. நான் பகலில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. அயன் கொண்டோர் என்று நாலு ஒப்ஷனைச் சேர்த்துச் செய்கிற முறை பற்றித் திரும்பத் திரும்ப வருகிறவற்றை, கேட்டவர்கள் பேசிய விதத்திலேயே கீழே போட்டிருக்கிறேன். முதலில் இருந்து வாசியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட ஒரே கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

அண்ணே, ஒப்ஷன் எண்டா அந்த 60 செக்கனுக்குள்ள மேலயா கீழயா எண்டு அமத்துற ஆப் தானே?

இல்லை. அது பைனரி ஒப்ஷன். பெயரில் ஒப்ஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதில் பெரும்பாலும் உங்களுக்கு எதிரே நிற்பதே ஆப் நடத்துகிற கம்பனிதான். நீங்கள் தோற்றால் அவர்களுக்கு லாபம். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையில் இருந்தும், பிரித்தானியா 2019 ஏப்ரலில் இருந்தும் இதைச் சாதாரண மக்களுக்கு விற்கத் தடை போட்டன. போனில் அது இருந்தால் அழித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

சரி, அப்ப கோல், புட் எண்டா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு குறிப்பிட்ட நாளுக்குள், ஒரு குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை கோல். விற்கும் உரிமை புட். அந்த விலைக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், அந்த நாளுக்கு முடிவு நாள். உரிமையை வாங்குகிறவர் பிரீமியம் கொடுக்கிறார். விற்கிறவர் அந்தப் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, சந்தை எதிராகப் போனால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்.

இந்தியாவின் நிஃப்டி 50, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 போன்றவை பல கம்பனிப் பங்குகளின் விலையை ஒரே எண்ணாகக் காட்டும் சுட்டெண்கள். அவற்றில் கைமாற்றப் பங்கு எதுவும் கிடையாது. முடிவு நாளில் வித்தியாசத்தைக் காசாகத் தீர்ப்பார்கள். முடிவு நாளுக்கு முன்பு யாரும் வந்து உரிமையைப் பயன்படுத்தவும் முடியாது. இது சின்ன விசயமாகத் தெரியும். கடைசிக் கேள்விகளில் இதற்குத்தான் வேலை வரும்.

அயன் கொண்டோர் எண்டா என்ன? ஏன் நாலு ஒப்ஷன்?

சுட்டெண் இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் நடுவில்தான் நிற்கும் என்று நினைத்து, இரண்டு எல்லையிலும் ஒவ்வொரு ஒப்ஷன் விற்பது. நினைத்தது பிழைத்தால் காப்பாற்ற, அதற்கு வெளியே ஒவ்வொன்று வாங்குவது. விற்றது இரண்டு, வாங்கியது இரண்டு. நாலில் ஒவ்வொன்றும் ஒரு லெக். வாங்கிய வெளி லெக்குகளை ஹெட்ஜ் என்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்குத்தான். நிஃப்டி 25,000 இல் நிற்கிறது. 25,500 கோல் 42 க்கு விற்கிறோம், 25,700 கோல் 20 க்கு வாங்குகிறோம். மேல் பக்கத்தில் கைக்கு வருவது 22. கீழே 24,500 புட் 58 க்கு விற்று, 24,300 புட் 32 க்கு வாங்குகிறோம். அதில் 26. மொத்தம் 48 புள்ளி. இந்த 48 ஐ மறக்க வேண்டாம், கடைசி வரை கூடவே வரும்.

எவ்வளவு வரும், எவ்வளவு போகும்? காசுல சொல்லுங்க.

முடிவு நாளில் நிஃப்டி 24,500 க்கும் 25,500 க்கும் இடையில் இருந்தால் 48 முழுதும் உங்களுக்கு. 24,300 க்குக் கீழேயோ 25,700 க்கு மேலேயோ போய்விட்டால், இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடையிலுள்ள 200 இல் 48 ஐக் கழித்து 152 நட்டம். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் தப்பும் இடங்கள் 25,548, 24,452.

ஒரு லொட் 65 என்று வைத்தால் (லொட் என்பது குறைந்தது வாங்கி விற்க வேண்டிய அளவு, அதை அவ்வப்போது மாற்றுவார்கள்) வரக்கூடியது 3,120 இந்திய ரூபா, போகக்கூடியது 9,880. நம் காசுக்கு முப்பதாயிரம் தாண்டும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி ஒப்ஷனில் ஒரு புள்ளி 100 டொலர் என்பதால், 50 புள்ளி அகலம் வைத்தாலே கணக்கு 5,000 டொலரில் நிற்கும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் எக்ஸ்எஸ்பி என்று ஒன்று இருக்கிறது. சின்னக் கணக்குக்காரர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ரெண்டு பக்கமும் சேர்ந்து அடிச்சா 304 போயிடுமே?

போகாது. முடிவு நாளில் சுட்டெண் ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் நிற்க முடியாது. ஒரு பக்கம்தான் போகும், மற்றப் பக்கத்துப் பிரீமியம் உங்களுடையது. ஆனால் நடுவில் ஒரு பக்கத்தை நட்டத்தில் மூடிவிட்டு மற்றதை வைத்திருந்தால், இரண்டு பக்கத்திலும் அடி வாங்கலாம். சந்தை அல்ல, நம் கைதான் அந்த வேலையைச் செய்கிறது.

நட்டத்துக்கு வரம்பு இருக்கெண்டா பயப்பட ஒண்டும் இல்லத்தானே?

அம்பாறையில் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் யானை வேலி போட்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யானை வீட்டுக்குள் வராது, சரி. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெள்ளாமை முழுதும் அதற்குத்தான். அயன் கொண்டோரில் அந்த வயல் 152 புள்ளி அகலம்.

வரம்பு உண்மைதான். அந்த வரம்பு முழுதாகப் போனாலும் நீங்கள் மறுநாள் வழமைபோல் வேலைக்குப் போவீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முழு நட்டம் வந்தால் கணக்கில் உள்ள பணத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்வேன். அப்படிப் பார்த்தால் இந்த ஒரு லொட்டுக்கே மூன்று முதல் ஐந்து லட்சம் இந்திய ரூபா கணக்கில் இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

பத்துக்கு எட்டுத் தரம் வெல்லலாம் எண்டு வீடியோவில சொல்றாங்களே, அது பொய்யா?

பொய் இல்லை, பாதிக் கணக்கு. 48 க்காக 152 ஐப் பந்தயம் வைக்கிறோம். மூன்று தரம் முழு லாபம் எடுத்தால் 144. நாலாம் தரம் முழு நட்டம் வந்தால் 152. நாலில் மூன்று வென்றும் 8 புள்ளி கையை விட்டுப் போயிருக்கும், புரோக்கர் காசு தனி. முழு லாபம், முழு நட்டம் இரண்டு மட்டுமே என்றால் நூற்றுக்கு 76 தரம் வென்றால்தான் சமன்.

இந்தியாவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஒப்ஷன் செய்த தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டப்பட்டிருந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல். அது அயன் கொண்டோர் மட்டும் பற்றிய கணக்கு இல்லை, எல்லா விதமும் சேர்ந்தது. ஆனாலும் 'பத்துக்கு எட்டு' என்று கேட்கும்போது பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்.

ஒண்டும் நடக்காட்டித்தான் காசு வருமாம். அது எப்படி?

ஒப்ஷனின் விலையில் ஒரு பகுதி மீதமுள்ள நாட்களுக்கானது. நாள் போகப் போக அது கரையும். அந்தக் கரைவுக்குப் பெயர் தீட்டா. விற்றது உள்ளே, விலை கூடியது. வாங்கியது வெளியே, விலை குறைந்தது. கூடியது கரைகிற வேகம் அதிகம் என்பதால் மிச்சம் உங்களுக்கு.

அப்புறம் வீகா. சந்தை பயந்தால் எல்லா ஒப்ஷனும் விலை ஏறும். சுட்டெண் உங்கள் எல்லைக்குள் அசையாமல் நின்றாலும், பயம் கூடினால் ஒரு நட்டத்தைத் திரையில் காட்டும். முதல் தரம் பார்க்கிறவர்கள் பதறுவது இங்கேதான். அதனால் பயம் ஏற்கெனவே ஏறியிருக்கும் நேரத்தில், பிரீமியம் நல்லாக இருக்கும்போது இறங்குவதுதான் இந்த முறைக்குப் பொருந்தும். பிரீமியம் வற்றிக் கிடக்கும்போது 48 க்குப் பதில் 20 தான் கிடைக்கும். அகலம் அதே 200.

எந்த ஸ்ட்ரைக்க விக்கிறதெண்டு எப்படித் தெரியும்?

ஒப்ஷன் பட்டியலில் டெல்டா என்று ஒரு நிரல் இருக்கும். விற்கப்போகும் லெக்கின் டெல்டா 0.16 என்றால், அது முடிவு நாளில் எல்லை தாண்டிப் போக ஏறத்தாழ நூற்றுக்கு 16 வாய்ப்பு என்று சந்தை விலை போட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 32. ஆகவே நூற்றுக்கு 68 தரம் உள்ளே நிற்கலாம். தள்ளி விற்றால் வாய்ப்பு கூடும், பிரீமியம் குறையும். கிட்ட விற்றால் மறுதலை. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஸ்ட்ரைக் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நடுநிலை எண்டா சந்தையப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் தேவையில்லத்தானே?

தேவை. 'அதிகம் அசையாது' என்பதே ஒரு கருத்துத்தான். இதை விளங்கிக்கொள்ள 2024 ஜூனைப் போல வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மே 31, வெள்ளி. நிஃப்டி 22,531 இல் முடிகிறது. இந்தியத் தேர்தல் முடிவுக்கு முன் பிரீமியம் எல்லாம் கொழுத்திருந்த நேரம். ஜூன் 6 வியாழன் முடிகிற ஒப்ஷனில், மேலே 23,050, கீழே 22,050 என்று ஏறத்தாழ 500 புள்ளி தள்ளி ஒருவர் இரண்டு எல்லை போட்டதாக வைப்போம். கருத்துக்கணிப்பு வந்ததும் ஜூன் 3 திங்கள் 23,264. மேல் எல்லை போய்விட்டது. ஜூன் 4, வாக்கு எண்ணுகிற நாள், 1,379 புள்ளி விழுந்து 21,884. கீழ் எல்லையும் போய்விட்டது. ஜூன் 5 இல் 22,620. ஜூன் 6, முடிவு நாளில், 22,821. இரண்டு எல்லையும் உடைந்த பிறகு, நடுவில் வந்து நின்றது.

ஹெட்ஜ் இல்லாமல் விற்றவருக்கு செவ்வாய்க்கிழமையே மார்ஜின், அதாவது புரோக்கரிடம் பிணையாக வைக்கும் காசு, கூடக் கேட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் புரோக்கரே மூடியிருப்பார். அவர் வியாழனைப் பார்த்திருக்க மாட்டார். திங்கள் பயந்து மேல் பக்கத்தை மூடிக் கீழ்ப் பக்கத்தைக் கிட்டக் கொண்டுவந்தவர் செவ்வாயும் அடி வாங்கியிருப்பார். நாலு லெக்கும் போட்டு, அளவைச் சின்னதாக வைத்தவர் மட்டும்தான் ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடிய நிலையில் இருந்தார். ஹெட்ஜுக்குக் கொடுக்கும் காசு அந்த 'ஒன்றும் செய்யாமல் இருக்கும்' வசதிக்கான விலை என்றே நான் பார்க்கிறேன். இதற்காக எல்லாத் தரமும் சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. வியாழன் 21,500 இல் முடிந்திருந்தால் முழு நட்டம்தான்.

விழுந்தாத்தானே வேகமா விழும். மேல் பக்கத்துக்கு ஹெட்ஜ் வேணுமா?

2025 ஏப்ரல் 9 அன்று, அமெரிக்க வரிகளைத் தள்ளிப்போட்ட செய்தி வந்ததும், எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 9.5 வீதம் ஏறியது. வேண்டும்.

நாலு லெக்கையும் எந்த ஒழுங்கில போடுறது?

நாலையும் ஒரே ஓடராகப் போட முடிந்தால் அதுதான் நல்லது. முடியாத இடத்தில் முதலில் வாங்குவது, பிறகு விற்பது. ஹெட்ஜ் இருப்பதை முறைமை கண்டால் கேட்கும் மார்ஜின் நன்றாகக் குறையும். மூடும்போது தலைகீழ்: முதலில் விற்றதைத் திரும்ப வாங்குங்கள், பிறகு ஹெட்ஜை விடுங்கள். மாற்றிச் செய்தால் சில செக்கனுக்காவது ஹெட்ஜ் இல்லாமல் நிற்பீர்கள், மார்ஜின் போதாது என்று ஓடர் திரும்பியும் வரும்.

இன்னொன்று, விலை குறிக்காமல் கிடைக்கிற விலைக்கு வாங்கி விற்கும் மார்க்கெட் ஓடர் போடாதீர்கள். வெளி ஸ்ட்ரைக்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இரண்டு மூன்று புள்ளி இருக்கும். நாலு லெக் போட்டு நாலு லெக் மூட, எட்டு இடத்தில் அது போகும். 48 இல் பத்துப் பதினைந்து இப்படியே கரைந்தவர்களின் கணக்குத் தாளைப் பார்த்திருக்கிறேன். அவர்களோ பிழை ஸ்ட்ரைக்கில்தான் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

எப்ப வெளிய வரணும்?

48 முழுதுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 24 க்குத் திரும்ப வாங்க முடிந்தால் பாதி லாபத்தோடு வந்துவிடலாம். கடைசிப் பாதிக்காக முடிவு நாள் வரை இருப்பவர், மிச்சம் 24 க்காகக் கிட்டத்தட்ட பழைய நட்டத்தையே தாங்கிக்கொண்டு நிற்கிறார். முடிவு நாள் நெருங்க நெருங்க சுட்டெண்ணின் சின்ன அசைவுக்கும் விலை பெரிதாகத் துள்ளும். காமா என்று சொல்வது அதைத்தான்.

நட்டப் பக்கத்தில், திரும்ப வாங்கும் விலை வாங்கிய பிரீமியத்தின் இரண்டு மடங்கானால், அதாவது 96 ஆனால், 48 நட்டத்தோடு வெளியேறுவது பலரின் வழக்கம். 24 லாபம், 48 நட்டம் என்று மாறினால் மூன்றில் இரண்டு தரம் வென்றால் சமன். மேலே பார்த்த 76 ஐ விடக் கொஞ்சம் இலகு. ஆனால் காலையில் சந்தை இடைவெளி விட்டுத் திறந்தால் 96 ஐத் தாண்டி 140 இல் நிற்கும். குறித்த விலை வந்ததும் தானாக மூடச் சொல்லி வைக்கும் ஸ்டொப் லொஸ் அதற்குக் காவல் இல்லை. அந்த நேரத்தில் மிஞ்சுவது ஹெட்ஜ் மட்டும்தான்.

ஒரு பக்கம் நெருங்கினா மற்றப் பக்கத்தக் கிட்டக் கொண்டு வந்தாச் சரிதானே?

நிஃப்டி 24,600 க்கு வந்துவிட்டது என்று வைப்போம். மேலே விற்ற கோல் பக்கம் இப்போது 5 தான். அதை மூடி, 25,000 விற்று 25,200 வாங்கினால் 30 கிடைக்கிறது. கூடுதலாகக் கைக்கு 25. மொத்தம் 73. உச்ச நட்டம் 152 இல் இருந்து 127 ஆகக் குறைந்தது. நல்லாகத்தான் தெரியும்.

மேல் எல்லை 25,500 இல் இருந்து 25,000 க்கு இறங்கிவிட்டது என்பதைத் திரை பெரிதாகச் சொல்லாது. சந்தை திரும்பி 25,200 வரை ஏறினால், முதலில் சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்துக்குப் பதில் நட்டம். 2024 ஜூனில் நடந்ததைத் திரும்பப் பாருங்கள். ஒரு தரம் நகர்த்தலாம். இரண்டாம் தரம் நகர்த்த மனம் வந்தால் மூடிவிடுங்கள்.

வெளி லெக் ரெண்டும் விலை விழுந்து கிடக்கு. அத வித்துட்டா இன்னும் கொஞ்சம் காசு வருமே?

வரும். அதோடு உங்கள் கையில் இருப்பது அயன் கொண்டோர் இல்லை, ஸ்ட்ராங்கிள். நட்டத்துக்கு வரம்பே இல்லாத வியாபாரம். நாலு புள்ளிக்காக வேலியைப் பிடுங்கி விறகுக்கு விற்கிறவர்களை நான் மறிப்பதில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

இத கொழும்புச் சந்தையில செய்யலாமா?

முடியாது. கொழும்பில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், எஸ் அண்ட் பி எஸ்எல் 20 என்று சுட்டெண்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் ஒப்ஷன் கிடையாது. அங்கே பங்கை வாங்கலாம், விற்கலாம். அதற்குத் தேவையான சீடிஎஸ் கணக்கைப் போனிலேயே திறக்கலாம். சந்தை எப்படி மூச்சு விடுகிறது என்று தெரியாதவர் முதலில் அங்கே கொஞ்ச நாள் இருந்து பழகுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்ப இங்க இருந்து நிஃப்டிக்கோ அமெரிக்காவுக்கோ காசு எப்படி அனுப்புறது?

இந்தியாவில் யூடியூப்காரர் காட்டுகிற சாதாரண டீமாட் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும்) கணக்கு, இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்துத் திறக்கக்கூடிய ஒன்றல்ல. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் தனியான பதிவு முறை இருக்கிறது. நிஃப்டியைக் கணக்குப் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இருந்து முதலீட்டுக்காகப் பணம் வெளியே போவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. வெளிமுக முதலீட்டுக் கணக்கு என்று வங்கியில் ஒன்று திறந்துதான் அனுப்ப வேண்டும். வரம்புகள் வர்த்தமானியில் அவ்வப்போது மாறும். ஆகவே வங்கிக்குப் போய், 'வெளிநாட்டுப் புரோக்கரிடம் சுட்டெண் ஒப்ஷன் செய்ய' என்று நோக்கத்தை அப்படியே சொல்லிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கார்டால் கிரிப்டோ வாங்கி அதன் வழியாகப் போடலாம் என்று ஒருவர் சொல்லித் தருவார். மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குக் கார்டைப் பாவிக்க அனுமதி இல்லை என்று மத்திய வங்கி வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

சுவிஸ்ல இருக்கிற மச்சான்ட அக்கவுண்டில நான் செய்யலாமா?

கணக்கு அவர் பெயரில், வரி அவர் பெயரில், நட்டமும் அவர் பெயரில். தன் கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுப்பதைப் புரோக்கர்களின் ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடை செய்கின்றன. பிடிபட்டால் கணக்கை முடக்குவார்கள், நாலு லெக் திறந்து கிடக்கும்போதே முடக்கலாம். அதைவிட, 152 போன அன்று அக்காவுக்கு யார் போன் எடுத்துச் சொல்வது?

ஒரு அண்ணன் எங்கட காசையும் சேர்த்து அயன் கொண்டோர் செய்து மாசம் 8 வீதம் தாராராம். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மாதம் 8 வீதம் கூட்டு வட்டியில் வருடம் முடிய ஒரு லட்சம் இரண்டரை லட்சம் ஆகும். நாலில் மூன்று வென்றும் நட்டப்படுகிற முறையில் அதை மாதா மாதம் உறுதியாகத் தர யாராலும் முடியாது. தருகிறார் என்றால் பின்னால் வந்தவர் போட்ட காசை எடுத்துத் தருகிறார். உரிமம் இல்லாமல் மக்களிடம் வைப்பு எடுப்பது 2011 ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டப்படி குற்றம். ஆள் சேர்த்தால் கொமிஷன் என்றால் அது பிரமிட். வங்கித்தொழில் சட்டத்தின் 83 இ பிரிவு அதைத் தடை செய்கிறது. ஊர்க்காரர், தெரிந்த குடும்பம், பள்ளிவாசலில் முன்வரிசை, கோயில் நிர்வாக சபை என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது.

வெள்ளாமை வெட்டின காசு ரெண்டு லட்சம் இருக்கு. தொடங்கலாமா?

டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது ஏறத்தாழ 667 டொலர். எக்ஸ்எஸ்பியில் 5 புள்ளி அகலத்தில் ஒரே ஒரு அயன் கொண்டோர் போட்டால், பிரீமியம் கழித்து 380, 400 டொலர் வரை முழு நட்டமாகப் போகலாம். மேலே சொன்ன 'நூற்றுக்கு இரண்டு மூன்று' எங்கே, இது எங்கே? அடுத்த போகத்துக்கு உரமும் உழவும் அந்தக் காசில்தான். அதை அங்கேயே விடுங்கள். பேப்பர் டிரேடிங் கணக்கில் பழகக் காசு தேவையில்லை.

எங்கட நேரத்துக்கு அமெரிக்கச் சந்தை எப்ப திறக்கும்?

அவர்களின் கோடைகாலத்தில் நமக்கு இரவு 7 முதல் 1.30 வரை, குளிர்காலத்தில் 8 முதல் 2.30 வரை. நிஃப்டி காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்றுதான். விடியற்காலை நாலு மணிக்கு எழும்புகிறவர்கள் ராத்திரி ஒன்றரைக்கு முடிவு எடுக்கிற வியாபாரம் செய்யக் கூடாது என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

அண்ணன், எங்கட ஆக்கள் இத செய்யலாமா? ஹராம் எண்டுறாங்களே.

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லத் தகுதியானவன் இல்லை. ஆனால் காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்தில் இருந்து அதிகம் வருகிற கேள்வி இதுதான் என்பதால் பதிவில் இருப்பதைச் சொல்கிறேன். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகடமி 1992 மே மாதம் ஜித்தாவில் கூடியபோது, உலகச் சந்தைகளில் இப்போது நடக்கும் ஒப்ஷன் ஒப்பந்தங்கள் ஷரீஅத்தில் ஆகுமானவை அல்ல என்று 63 ஆம் தீர்மானத்தில் சொன்னது. நட்டத்துக்கு வரம்பு வைத்துச் செய்தால் ஆகுமா என்று மேலும் ஒருவர் கேட்டார். அந்தத் தீர்மானம் ஒப்பந்தத்தின் தன்மையைப் பற்றியது, நட்டத்தின் அளவைப் பற்றியதல்ல. மேற்கொண்டு உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

எஸ்பிவை எண்டொரு ஈடிஎஃப்ல செய்தா மலிவு தானே? அதே சுட்டெண் தானே?

ஈடிஎஃப் என்பது ஒரு சுட்டெண்ணைப் பின்பற்றுகிற, பங்கு போல வாங்கி விற்கும் நிதி. சுட்டெண் அதுவேதான், ஒப்பந்தம் வேறு. ஈடிஎஃப் ஒப்ஷனில் முடிவு நாளுக்கு முன்பே யாரும் உரிமையைப் பயன்படுத்தலாம், தீர்ப்பது காசால் அல்ல, நூறு நூறு யூனிட்டாக. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வெள்ளியில் அது டிவிடெண்ட் (பங்கிலாபம்) கழித்த விலையில் வியாபாரம் தொடங்கும். நீங்கள் விற்ற கோலின் ஸ்ட்ரைக்கை விலை தாண்டியிருந்தால், அதற்கு முதல் நாள் இரவு வாங்கியவர் உரிமையைப் பயன்படுத்தி அது உங்கள் தலையில் விழலாம். டிவிடெண்டை நீங்கள் கொடுக்க வேண்டி வரும்.

அதைவிட மோசம், முடிவு நாளில் விலை நீங்கள் விற்றதற்கும் வாங்கியதற்கும் நடுவில் நிற்பது. விற்ற லெக் உங்கள் பெயரில் நூறு யூனிட்டாக மாறும், வாங்கிய ஹெட்ஜ் செத்துவிடும். சனி, ஞாயிறு முழுக்க வரம்பில்லாத நிலையில் இருப்பீர்கள், திங்கள் எங்கே திறந்தாலும் உங்கள் பாடு. காசாகத் தீர்க்கும் சுட்டெண் ஒப்ஷனில் இந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் 'சின்ன விசயம்' என்றது இதைத்தான்.

வியாழன் ராத்திரி எல்லைக்குள்ளதான் நிண்டது, வெள்ளி நட்டம் காட்டுது. புரோக்கர் ஏமாத்திட்டானா?

பெரும்பாலும் இல்லை. எஸ் அண்ட் பி 500 இன் வழமையான மாத ஒப்ஷன், அதாவது மூன்றாம் வெள்ளியில் முடிவது, வியாழனோடு வியாபாரம் நின்றுவிடும். தீர்க்கும் விலை வெள்ளிக் காலையில் 500 கம்பனிப் பங்குகளும் திறக்கிற விலைகளை வைத்துக் கணக்கிடப்படும். வியாழன் இரவு நீங்கள் படுத்த பிறகு ஒரு செய்தி வந்து சந்தை தாவித் திறந்தால், மூடவும் முடியாது, நகர்த்தவும் முடியாது, பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

வாராந்த ஒப்ஷனும் எக்ஸ்எஸ்பியும் அன்று மாலை முடிகிற விலையில் தீரும். வாங்குமுன் ஒப்பந்த விவரத்தில் காலைத் தீர்வா மாலைத் தீர்வா என்று பாருங்கள். ஒரே நாளில் இரண்டு விதமும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். காலைத் தீர்வாக இருந்தால் உங்களுக்கு முடிவு நாள் வியாழன். அன்று இரவு சந்தை மூடுமுன் கையில் எதையும் வைத்திருக்காதீர்கள்.